டர்பனில் கொத்தமல்லி எப்போது விதைப்பது? வீட்டுச் சமையல் தழைகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

நவம்பரில் கொத்தமல்லி விதைப்பவர்கள் டர்பனில் ஏராளம். விதை முளைக்கும், நாலைந்து இலை விடும், கிறிஸ்துமஸ் வருவதற்குள் நடுத்தண்டு நெடுநெடுவென்று எழுந்து பூத்துவிடும். கறி இறக்கும்போது தூவ ஒரு கைப்பிடித் தழைகூடத் தேறாது. "எனக்குக் கைராசி இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி கடையில் கட்டு வாங்கப் போய்விடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விதைத்த மாதம்தான் தவறு.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்று வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருப்பவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து அடுக்குமாடியில் ஒரு பால்கனியோடு இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இதுவரை ஒரு செடிகூட வைத்ததில்லை என்றாலும் பரவாயில்லை. மாதத்தையும் வெயிலையும் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் மாதம்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நாம் இருப்பது பூமியின் தென்பாதி. இங்கே ஆடி நல்ல குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் கோயில் வாசலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறோம். தை மாதம், ஊரில் பனி விலகும் நேரம், இங்கே புழுக்கமும் மழையுமான கோடை. அதனால் தமிழ்நாட்டுத் தோட்ட வீடியோவைப் பார்த்து அப்படியே அதே மாதத்தில் விதைத்தால் சரிவராது. இங்கிலாந்து, அமெரிக்க வீடியோ என்றால் ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போட வேண்டும்.

டர்பன் கடற்கரையோரத்தில் ஜூலை இரவுகள் சராசரியாக 11 டிகிரி வரை இறங்கும். பகலில் 22, 23 டிகிரி இருக்கும். உறைபனி கிடையாது. மழையும் அப்போது குறைவு. கொத்தமல்லிக்கு இதைவிடச் சுகமான பருவம் வேறில்லை. டிசம்பர், ஜனவரியில் வெயில் 28 டிகிரியைத் தாண்டும், பகல்பொழுது 14 மணி நேரத்தை நெருங்கும். நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் கொத்தமல்லி இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குப் போய்விடும். அது அதன் இயல்பு. உரம் போட்டோ தண்ணீர் ஊற்றியோ அதை மாற்ற முடியாது.

ஆகவே சமையல் தழைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சியை விரும்புபவை: கொத்தமல்லி, வெந்தயம், பார்ஸ்லி, சோயிக்கீரை. சூட்டை விரும்புபவை: பச்சை மிளகாய், பேசில், கறிவேப்பிலை, இஞ்சி, மஞ்சள். புதினா, தைம், எலுமிச்சைப்புல், கற்பூரவல்லி ஆகியவை ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் இருக்கும்.

இதை நினைவில் வைக்க நம் பண்டிகைகளே போதும். தைப்பூசக் காவடி சமயத்தில் கொத்தமல்லி விதையைத் தொடவே வேண்டாம். பங்குனி முடிந்து புத்தாண்டு பிறந்து, சித்திரைக் காவடி நெருங்கும்போது முதல் விதைப்பு. அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. ஆடி பிறந்ததும் ஒரு பெரிய விதைப்பு போடுங்கள், இதுதான் முக்கியமானது. ஜூலை கடைசியில் விதைத்தது செப்டம்பர் நடுவில் நன்றாக அடர்ந்து நிற்கும். புரட்டாசி பிறக்கும் நேரம் அது. மாதம் முழுவதும் வீட்டில் கவிச்சி கிடையாது. சாம்பார், ரசம், பருப்பு, பீன்ஸ் கறி எல்லாவற்றுக்கும் தழை தேவைப்படும் மாதம் அதுதானே. ஆடிப் பட்டம் இந்த ஊரிலும் பலிக்கிறது, வேறு காரணத்தால்.

புரட்டாசியிலேயே மிளகாய், பேசில், இஞ்சி பக்கம் கையைத் திருப்பிவிடலாம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ, பிரிட்டோரியாவில் லாடியத்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை உறைபனி விழும். பிப்ரவரி கடைசி, மார்ச் ஒரு விதைப்பு. ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பள்ளமான இடங்களிலும் சில இரவுகளில் பனி விழும். விதைத்தட்டை இரவில் கூரைக்கு அடியில் இழுத்து வைத்தால் போதும்.

வெயில் எந்தப் பக்கம்?

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தடுமாறும் இடம் இது. இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று டர்பனில் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் வடதிசையில் 37 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிய இடம் குளிர்காலம் முழுக்க நிழலிலேயே கிடக்கும். டிசம்பரில் அதே சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் வந்துவிடும்.

அதனால் குளிர்காலத் தழைகள் வடக்கு பார்த்த இடத்தில், அல்லது வடகிழக்கில், குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வெயில் படும்படி இருக்க வேண்டும். கோடையில் கிழக்கு பார்த்த இடம் நல்லது. காலை வெயில் கிடைக்கும், மதியச் சூடு தப்பும். அடுக்குமாடியில் தெற்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் இருக்கிறதென்றால் கொத்தமல்லிக்காக மெனக்கெடாதீர்கள். புதினா வையுங்கள், அது சமாளித்துக்கொள்ளும்.

ஒரு நாள் ஒதுக்கி, காலை 9 மணிக்கும், நண்பகலிலும், 3 மணிக்கும் வெளியே போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விதை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

டப்பாவும் மண்ணும்

பூச்சட்டிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் சேர்ந்துகிடக்கும் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நாற்று வளர்க்க அருமையான தட்டு. பழைய ஆணி ஒன்றை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காய்ச்சி, அடிப்பகுதியில் எட்டுப் பத்துத் துளை போடுங்கள். மூடியைத் தட்டாக அடியில் வைத்துக்கொள்ளலாம். மிளகாய், பேசில், பார்ஸ்லி நாற்றுக்கு இது போதும்.

கொத்தமல்லிக்குப் போதாது. அதன் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். 20 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும். ஊறுகாயோ எண்ணெயோ வந்த பெரிய வாளி கிடைத்தால் கழுவித் துளையிட்டு அதில் விதையுங்கள். பெயிண்ட் வந்த வாளியைச் சாப்பிடும் செடிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மண் விஷயத்தில் டர்பனுக்குள்ளேயே இரண்டு உலகம். பெரியா மேட்டிலும் கடலோரத்திலும் சிவந்த மணல். தண்ணீர் ஊற்றிய கையோடு இறங்கிப்போகும், சத்தும் தங்காது. உள்ளே போகப் போக ஒட்டும் களிமண். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாளம். மணலுக்கும் களிக்கும் மருந்து ஒன்றுதான், நன்றாக மக்கிய உரம். பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாளி மக்கிய உரத்தைப் போட்டு ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். தோட்டக்கடையில் மூட்டையில் விற்கும் மாட்டுச் சாணி எருவும் ஆகும். கோழி எரு சூடு, ஆறு மாதமாவது மக்காமல் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

விதைத்தட்டுக்கு மட்டும் வேறு கலவை. சலித்த மக்கு உரம் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கரடுமுரடான ஆற்று மணல் ஒரு பங்கு. கடல் மணல் கூடாது, உப்பு விதையைக் கொன்றுவிடும். கலவையைத் தண்ணீர் தெளித்துப் பிசறி ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் தண்ணீர் சொட்டக் கூடாது. இந்தப் பதம் வந்த பிறகுதான் டப்பாவில் நிரப்ப வேண்டும். காய்ந்த கலவையை நிரப்பி மேலே தண்ணீர் ஊற்றினால் மேல்புறம் மட்டும் நனைந்து உள்ளே வறண்டு கிடக்கும்.

விதை எங்கே வாங்குவது

சூப்பர்மார்க்கெட்டிலும் தோட்டக்கடையிலும் ஸ்டார்க் ஏர்ஸ், கிர்ச்சாஃப்ஸ் போன்ற உள்ளூர் விதைப் பாக்கெட்டுகள் கிடைக்கும். பின்பக்கம் தேதியைப் பாருங்கள். கொத்தமல்லியில் மெதுவாகப் பூக்கும் ரகம் என்று எழுதியிருந்தால் அதையே எடுங்கள். சாண்டோ, கலிப்சோ இரண்டும் அப்படிப்பட்டவை.

மசாலாக் கடையில் வாங்குவது மலிவு. இங்கே தழையையும் தனியா என்றே சொல்வார்கள். ஆகவே முழு தனியா விதை வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் சமையலுக்கு விற்கும் விதை சில நேரம் ஆவியிலோ கதிர்வீச்சிலோ சுத்தம் செய்யப்பட்டிருக்கும். அது மணக்கும், முளைக்காது. எனவே முதலில் பரிசோதனை. பத்து விதையை ஈரமான கிச்சன் டவலில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறேழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். இரண்டு மூன்றுதான் முளைத்தது என்றால் அதைப் பொடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, பாக்கெட் விதை வாங்குங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் விதையும் கறிவேப்பிலைக் கன்றும் வைத்து எடுத்து வரும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் விதை, செடி, மண் எதையும் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கன்றோடு வரும் பூச்சி இங்கிருக்கிற எலுமிச்சைத் தோட்டங்களையே அழிக்கும்.

தேவையும் இல்லை. 1860 நவம்பரில் டிரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்கள் தொடங்கி, ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் முன்னோர் பலரும் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுத்தான் பிழைத்தார்கள். கிளேர்வுட், ஸ்பிரிங்ஃபீல்டு பக்கமெல்லாம் அவர்கள் தோட்டங்கள். நமக்கு வேண்டிய செடி எல்லாம் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஊன்றி நிற்கிறது. வார்விக்கில் விடியற்காலைச் சந்தைக்குப் போனால் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி கட்டுக் கட்டாகக் கிடைக்கும். புதினாவுக்கு விதையே வேண்டாம், அந்தக் கட்டிலிருந்தே வளர்த்துவிடலாம்.

கொத்தமல்லி விதைப்பு, ஒவ்வொரு படியாக

ஒரு கொத்தமல்லி மணி என்று நாம் நினைப்பதற்குள் இரண்டு விதை இருக்கிறது. மணிகளை ஒரு துணியில் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். நசுக்கிவிடக் கூடாது, அழுத்தம் லேசாக இருக்கட்டும். பிளந்ததை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் வடித்து, கையில் ஒட்டாத அளவுக்கு நிழலில் உலர்த்துங்கள்.

வாளியிலோ பாத்தியிலோ விரலால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கோடு இழுங்கள். கோட்டுக்குக் கோடு 15 சென்டிமீட்டர் இடைவெளி. விதைக்கு விதை இரண்டு மூன்று சென்டிமீட்டர். மண்ணை மூடி, உள்ளங்கையால் மெதுவாக அமுக்குங்கள். மண் விதையோடு ஒட்டினால்தான் ஈரம் ஏறும். பூவாளியில் மெல்லிய தூறலாகத் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு நேராகப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.

மேலே ஒரு பழைய கோணியை விரித்து வைக்கலாம். ஈரம் காக்கும். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை தெரிந்த அன்றே கோணியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

முளை வருவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தண்டு கொக்கி போல வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு நிமிரும்போது நுனியில் விதையின் பழுப்பு ஓடு தொப்பியாக மாட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்தால் தானே கழன்றுவிடும். அடுத்து வரும் இரண்டு இலையும் நீளமாக, குறுகலாக, புல் போல இருக்கும். கொத்தமல்லி வாசனையும் சரியாக இருக்காது. களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள் பலர். பொறுங்கள். அதற்கு நடுவிலிருந்து சின்னதாக, ஓரம் வெட்டுப்பட்ட இலை ஒன்று விரியும். அதை விரலில் தேய்த்து முகர்ந்தால் சந்தேகமே வராது.

முளைக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். குளிர் அதிகமானால் மூன்று வாரம்கூடப் போகும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் நெருக்கமானவற்றைக் களைந்து, செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். களைந்ததைச் சட்னியில் போடலாம். ஒரு தொட்டியிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நட்டால் மட்டும் ஒத்துவராது. ஆணிவேர் அடிபட்டதும் செடி பயந்து பூத்துவிடும்.

குளிர்காலத்தில் இங்கே மழை குறைவு என்பதால் தண்ணீர் நம் பொறுப்பு. காலையில் ஊற்றுங்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். கூரைத் தண்ணீர் ஜோஜோ தொட்டியில் சேர்ந்திருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணீரைத் தழைக்கு ஊற்ற வேண்டாம்.

ஒரு நாளை மட்டும் எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் பக்கம் உள்நாட்டு மலைகளிலிருந்து பெர்க் விண்ட் அடிக்கும் நாள். குளிர்காலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், காற்று வறண்டு வீசும். ஒரே மதியத்தில் நாற்று முழுவதும் துவண்டுவிடும். காற்று மாறியது தெரிந்ததும் தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, இன்னொரு முறை நனைத்துவிடுங்கள்.

நாற்பது, ஐம்பது நாளில் அறுவடை. வெளிப்பக்கத் தண்டுகளை அடியோடு கத்தரித்து, நடுக் குருத்தை விட்டுவிட்டால் மறுபடி தழைக்கும். ஒரே நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

வெந்தயம்: முதல் வெற்றி இதில்தான்

புதிதாகத் தொடங்குபவர்கள், குழந்தைகளோடு செய்பவர்கள் வெந்தயத்தில் தொடங்குங்கள் என்பேன். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே போதும். இரவு ஊற வைத்து, அகலமான ஆழமில்லாத தட்டில் நெருக்கமாகத் தூவி, அரை சென்டிமீட்டர் மண் மூடினால் மூன்று நான்கு நாளில் முளைத்து நிற்கும். ஒரு மாதத்துக்குள் பருப்பில் போடலாம். வேரோடு பிடுங்காமல் கத்தரித்தால் இன்னொரு முறையும் கிடைக்கும். பயறு வகைச் செடி ஆகையால் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். முடிந்ததும் மிச்சத்தை அந்த மண்ணிலேயே கிளறிவிடுங்கள்.

புதினாவும் மற்றவையும்

சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து கெட்டியான நாலைந்து தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வாரம் பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் விடும். தனித் தொட்டியில் நடுங்கள். பாத்தியில் விட்டால் நிலத்தடியில் ஓடி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இலையின் அடியில் ஆரஞ்சுப் புள்ளிகள் தென்பட்டால் அது துரு நோய். தயங்காமல் தரைமட்டத்துக்கு வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போடுங்கள். புதுத் தளிர் சுத்தமாக வரும்.

பேசில் என்பது நம் திருநீற்றுப் பச்சிலைதான். அதன் விதை சப்ஜா. ஈரம் பட்டதும் வழவழவென்று உப்பும், அது கெட்டுப்போனது அல்ல. புரட்டாசியில் மண்ணின் மேலேயே தூவி, மண் மூடாமல் லேசாக அமுக்கிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். பூ வர விடக் கூடாது.

பச்சை மிளகாய் விதை நன்றாக முளைக்க 25 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆகஸ்டில் வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் நாற்று விட்டு, அக்டோபரில் வெளியே நட்டால் கோடை முழுக்கக் காய்க்கும். நாற்று ஒரு விரல் உயரம் ஆனதும் ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிட்டுத்தான் நட வேண்டும்.

தைம் இல்லாமல் டர்பன் பருப்புக்கும் சுகர் பீன்ஸ் கறிக்கும் ருசி ஏது? அதன் விதை தூசி போல் சின்னது, வளர்ச்சியும் மந்தம். ஒரு சிறு செடி வாங்கி, அதன் கிளையை மண்ணில் வளைத்துக் கல் வைத்துப் பதியம் போடுங்கள். எதிரி இங்கே கோடைப் புழுக்கம்தான். மணல் அதிகம் கலந்து, தொட்டியை உயரமான இடத்தில் காற்றோட்டமாக வையுங்கள். பார்ஸ்லிக்குப் பொறுமை தேவை, மூன்று நான்கு வாரம் மண் வெறுமையாகவே இருக்கும். இஞ்சியும் மஞ்சளும் செப்டம்பரில் முளைவிட்ட துண்டாகப் பார்த்து நட்டால் போதும்.

கறிவேப்பிலை

இதற்குப் பாக்கெட் விதை வாங்காதீர்கள். கறிவேப்பிலை விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். மரத்தில் பழம் நன்கு கறுத்ததும் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, அன்றோ மறுநாளோ விதைக்க வேண்டும். விதையை வாயில் போடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

இதைவிடச் சுலபமான வழி, மரம் இருக்கும் வீட்டில் கேட்பது. பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் தானே கிளம்பும். "ஆயா, ஒரு கன்று தோண்டிக்கலாமா?" என்று கேட்டால் இந்த ஊரில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. தாய் வேரில் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டி எடுங்கள். நல்ல மழைக்குப் பிறகு, அக்டோபர் நவம்பரில் எடுத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். இலையில் பாதியைக் கத்தரித்துவிட்டு, 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில்.

முதல் இரண்டு வருடம் கஞ்சத்தனமாகப் பறியுங்கள். குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயந்துபோய் உரத்தைக் கொட்ட வேண்டாம், தண்ணீரையும் கூட்ட வேண்டாம். செப்டம்பரில் தளிர் வரும்போது ஒரு கை மக்கு உரம் போடுங்கள். பறிக்கும்போது இலையை உருவாமல், நுனிக் கொம்போடு ஒடித்தால் அந்த இடத்தில் இரண்டு கிளை விடும்.

கெடுப்பவர்கள்

நாற்று ஓர் இரவில் அடித்தண்டு கருகி, அறுந்தது போல் சாய்ந்தால் அது நாற்றழுகல். பூஞ்சைதான் காரணம், அதிகத் தண்ணீரும் காற்றோட்டம் இல்லாமையும் அதற்கு வழி விடுகின்றன. சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எறியுங்கள். மீதித் தட்டுக்கு மேலே ஊற்றாமல், அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து உறிஞ்சவிட்டு, அரை மணியில் எடுத்துவிடுங்கள். டப்பாவை அடுத்த முறை கொதிநீரில் கழுவிப் பயன்படுத்துங்கள்.

அடியோடு வெட்டி விழுந்து கிடந்தால் வெட்டுப்புழு. டாய்லெட் பேப்பர் சுருள் அட்டையை வளையமாக வெட்டி, நாற்றைச் சுற்றி மண்ணில் பாதி புதைத்து வையுங்கள். நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. அசுவினிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்து, மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கறிவேப்பிலைத் தளிரைத் தின்னும் புழு அநேகமாக எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியுடையது. கையால் எடுத்துவிட்டால் தீர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை குரங்கும் ஹடீடாப் பறவையும். குரங்குகள் வாசனைத் தழையைத் தின்னாவிட்டாலும் தட்டைக் கவிழ்த்து விளையாடும். ஹடீடா, புதிதாகக் கிளறிய ஈரமண்ணைப் பார்த்தால் புழு தேடி நீண்ட அலகால் குத்திக் கிளறிவிடும். விதைத்த அன்றே கம்பிவலையை வளைத்து மூடி, ஓரத்தைச் செங்கல் வைத்து அழுத்துங்கள். செடி ஒரு சாண் வளரும் வரை வலை இருக்கட்டும்.

பூத்த பிறகு

அக்டோபர் கடைசியில் கொத்தமல்லி நடுத்தண்டு எழும்பி, இலை சோம்புத் தழை போல மெலியத் தொடங்கும். எத்தனை முறை நறுக்கினாலும் பழையபடி அகல இலை வராது. எல்லாவற்றையும் பிடுங்காமல் நாலைந்து செடியைப் பூக்க விடுங்கள். அந்த வெள்ளைப் பூவுக்கு வரும் பூச்சிகளில் பல அசுவினியைத் தின்பவை. பச்சைக் காயாக இருக்கும்போது கொஞ்சம் பறித்து மீன் கறியில் நசுக்கிப் போட்டுப் பாருங்கள், தழையின் மணமும் விதையின் மணமும் சேர்ந்தே இருக்கும்.

விதைக்கு விடும்போது ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள். முதலில் பூத்த செடியிலிருந்து விதை எடுக்க வேண்டாம். கடைசி வரை இலை கொடுத்துத் தாமதமாகப் பூத்த செடியில் எடுங்கள். வருடா வருடம் இப்படிப் பொறுக்கினால் உங்கள் வீட்டு வெயிலுக்கும் மண்ணுக்கும் ஒத்த, மெதுவாகப் பூக்கும் விதை கைக்கு வந்துவிடும். மணி பழுப்பானதும் கொத்தோடு வெட்டி, காகிதப் பையில் தலைகீழாகக் கட்டி, மழை படாத இடத்தில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் விதை சீக்கிரம் கெடும். ஆகவே நன்கு உலர்ந்ததைக் காகித உறையில் போட்டு, மாதமும் வருடமும் எழுதி, இறுக மூடும் பாட்டிலில் வைத்து ஃபிரிட்ஜின் கதவில் வையுங்கள். சித்திரை பிறந்ததும் அதிலிருந்து பத்து விதையை எடுத்து ஈரத்துணிப் பரிசோதனை செய்துவிட்டு, அடுத்த விதைப்பைத் தொடங்கலாம்.